சோளகக் காலத்துக்குக் குளிர்ந்த பாஸ்தா சலட், தோடம்பழப் புளிப்போடு

சோளகம் வீசத் தொடங்கினால் கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று வன்னியில் எங்கே இருந்தாலும் மத்தியானத்தில் அடுப்படிக்குப் போக மனம் வராது. இதைக் காலையிலேயே செய்து பிரிட்ஜில் வைத்துவிடலாம். முதல் தடவை செய்கிறவர்களுக்காக எழுதுவதால் சின்ன விஷயங்களையும் விடாமல் சொல்கிறேன்.

முதல் நாள் இரவே இரண்டு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, பிரிட்ஜில் வையுங்கள். அவித்த பாஸ்தாவை அலசத்தான் இது. அலசிய பிறகு அதை மறுபடி சூடாக்கப் போவதில்லை, அதனால் கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது.

நாலு பேருக்கு 250 கிராம் சுருள் பாஸ்தா போதும், மக்கரோனி என்றாலும் சரி. இரண்டரை லீற்றர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒன்றரை மேசைக்கரண்டி உப்பும் பாஸ்தாவும் போடுங்கள். பக்கெற்றில் எழுதியிருக்கும் நேரத்தைவிட ஒரு நிமிடம் கூட அவியுங்கள், ஏனென்றால் குளிர்ந்ததும் மாப்பொருள் இறுகி பாஸ்தா கொஞ்சம் விறைக்கும். வடித்தவுடன் குளிர்ந்த தண்ணீரால் அலசி, நன்றாக வடியவிடுங்கள்.

இனிப் புளிச்சாறு. இதன் ருசி முழுக்க இங்கேதான் இருக்கிறது. உள்ளூர்த் தோடம்பழம் பச்சைத் தோலோடு இருந்தால் பழுக்கவில்லை என்று ஒதுக்காதீர்கள், இரவிலும் குளிராத எங்கள் காலநிலையில் தோல் நிறம் மாறாமலே உள்ளே பழுத்திருக்கும், கையில் பாரமாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். ஒரு பழத்தைக் கழுவி, மேல்தோலை மட்டும் துருவலின் சின்னக் கண்ணில் உரசுங்கள், வாசம் அந்தத் தோலில்தான், வெள்ளைப் பகுதி வந்தால் கைக்கும். ஒரு பல்லு உள்ளியையும் கால் தேக்கரண்டி கடுகையும் அச்சாறுக்கு அரைப்பதுபோல மையாக அரைத்து, மூன்று மேசைக்கரண்டி தோடம்பழச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி தேசிப்புளி, அரைத் தேக்கரண்டி சீனி, உப்பு, மிளகுத்தூள், உரசிய தோல், நாலு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய் (சூரியகாந்தி எண்ணெயும் சரிதான், ஆனால் நல்லெண்ணெய் வேண்டாம், அதன் மணம் தோடம்பழத்தை அமத்திவிடும்) எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். எண்ணெயும் புளியும் சீக்கிரம் பிரியாமல் கடுகு பிடித்து வைத்திருக்கும்.

பாதியைப் பாஸ்தாவில் இப்போதே கலந்து ஒரு மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள். மீதியைப் பரிமாறும் நேரத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்தா முதல் பாதியை உறிஞ்சிவிடும், தவிர குளிர்ந்த சாப்பாட்டில் ருசி நாக்குக்கு மங்கலாகத்தான் தெரியும், ஆகவே கடைசியில் ஒரு வாய் ருசி பார்த்து இன்னும் கொஞ்சம் தேசிப்புளி விடத் தயங்காதீர்கள்.

வெள்ளரிக்காயைச் சின்னதாக வெட்டி உப்புத் தடவி கால் மணித்தியாலம் வைத்துப் பிழிந்து எடுங்கள், இல்லாவிட்டால் சலட் தண்ணீராகிவிடும். அப்புறம் விதை நீக்கிய தக்காளி, துருவிய கரட், மெல்லிசாக அரிந்த சின்ன வெங்காயம், விருப்பமென்றால் ஒரு பச்சை மிளகாய். புதினாவைக் கடைசியாகக் கையால் கிள்ளிப் போடுங்கள். புளியில் கனநேரம் கிடந்தால் பச்சை இலை கறுத்துவிடும்.

வெயில் நேரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மிஞ்சியதை உடனே மூடி பிரிட்ஜில் வைத்தால் அடுத்த நாளும் சாப்பிடலாம்.