தேங்காய் எண்ணெயைத் தலைக்கும் தோலுக்கும் பூசும்போது நாம் செய்யும் தவறுகள்

என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு நெற்றி முழுக்கப் பொடிப் பொடியாகப் பரு வந்தது. கன்னத்தில் இல்லை, தாடையில் இல்லை. நெற்றியிலும் காதோரத்திலும் மட்டும். சோப்பை மாற்றினார்கள், கடலைமாவு போட்டார்கள், முல்தானி மட்டி பூசினார்கள், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் தோல் மருத்துவரிடம் போனபோது அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "தலைக்கு எவ்வளவு எண்ணெய் வைப்பீங்க?" தினமும் காலையில் வழிய வழியத் தேங்காய் எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். மதிய வெயிலில் அந்த எண்ணெய் உருகி நெற்றிக்குத்தானே இறங்கும்! எண்ணெயை வாரத்துக்கு ஒருநாள், தலைக்குக் குளிப்பதற்கு முன்பு மட்டும் என்று மாற்றினோம். மெல்ல மெல்ல நெற்றி தெளிந்தது.

தலையில் பூசும் பிசுக்கால் நெற்றியில் வரும் இந்தப் பருவுக்கு அமெரிக்க மருத்துவர்கள் 1970-லேயே 'பொமேட் ஆக்னி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே அது தலைமுடிக்குப் பூசும் பொமேட் என்ற களிம்பால் வந்தது. நம் ஊரில் எண்ணெயால் வருகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். நான் இன்றைக்கும் தேங்காய் எண்ணெய்தான் வைக்கிறேன். ஆனால் அது என்ன வேலை செய்யும் என்று தெரிந்து வைக்கிறேன். தோலில் இருக்கும் ஈரத்தையும் முடியில் இருக்கும் புரதத்தையும் வெளியே போகவிடாமல் காப்பதுதான் அதன் வேலை. புதிதாக எதையும் அது உண்டாக்காது. நாம் செய்யும் பெரும்பாலான தவறுகள், அது ஏதோ உண்டாக்கும் என்று நம்புவதால் வருபவை.

முடிக்கு எப்போது, எங்கே

தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடித்தண்டுக்குள் நுழைந்துவிடுகிறது. 2003-ல் மும்பையில் ஓர் ஆய்வு நடந்தது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் மூன்றையும் முடியில் பூசி, கழுவி, எவ்வளவு புரதம் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அந்த ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அதிலுள்ள காரணம் தெளிவானது. முடி தண்ணீரில் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். உப்பிச் சுருங்கி உப்பிச் சுருங்கியே முடி நொந்துபோகிறது. எண்ணெய் முன்பே உள்ளே போயிருந்தால் தண்ணீர் அவ்வளவாகப் புக முடியாது, உப்பலும் குறையும்.

ஆகவே எண்ணெய் தண்ணீருக்கு முன்னால் போக வேண்டும். தலைக்குக் குளிப்பதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பு வைத்தால் போதும். ராத்திரி முழுக்க ஊற வைத்துத் தலையணை உறையை எண்ணெய்த் துணி ஆக்க வேண்டியதில்லை. அந்த உறையில்தான் முகமும் புதைந்து கிடக்கிறது.

அடுத்து, எங்கே பூசுவது? நம் கை நேராக உச்சந்தலைக்குப் போகும். வேருக்கு எண்ணெய் சாப்பாடு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். வேருக்குச் சாப்பாடு போடுவது ரத்தம். எண்ணெய் காப்பாற்றுவது வெளியே இருக்கும் முடியை, அதிலும் நுனியை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் இரண்டு அடி நீளக் கூந்தலின் நுனி ஐந்து வருடத்துக்கு முன்பு முளைத்தது. ஐந்து வருட வெயில், சீப்பு, ஷாம்பு எல்லாம் பட்ட முடி அது. எண்ணெய் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். தோள்வரை உள்ள முடிக்கு இரண்டு தேக்கரண்டி தாராளம். அதற்கு மேல் ஊற்றினால், அந்தப் பிசுக்கை எடுக்க ஷாம்பு இரண்டு முறை போட வேண்டிவரும். எண்ணெய் காப்பாற்றியதை ஷாம்பு கொண்டுபோய்விடும்.

முடி கொட்டுவது வேறு விஷயம். எண்ணெய் வைத்தால் நடுவில் உடைவது குறையும், அதனால் நீளம் தங்கும். அதைத்தான் பலரும் வளர்ச்சி என்கிறார்கள். வேரோடு கொத்துக் கொத்தாக வந்தால் காரணம் உடம்புக்குள்ளே தேட வேண்டியது. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, குழந்தை பிறந்து இரண்டு மூன்று மாதம் கழித்து வரும் உதிர்வு, டெங்கு மாதிரி பெரிய காய்ச்சலுக்குப் பிறகு வரும் உதிர்வு என்று பல உண்டு. ஆறு மாதம் மூலிகை எண்ணெயாக மாற்றி மாற்றி வைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டு என்று தெரியவந்த பெண்களை நான் அறிவேன். அந்த ஆறு மாதம் வீண் என்பதுதான் என் வருத்தம்.

பொடுகுக்கு எண்ணெய் வைக்காதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். தலை காய்ந்துபோவதால் பொடுகு வருகிறது, எண்ணெய் வைத்தால் போகும் என்று நம்பாத வீடு குறைவு. பொடுகில் பெரிய பங்கு மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கு. அது எல்லார் தலையிலும் வாழ்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைத் தானே தயாரிக்க அதற்குத் தெரியாது. தலையில் ஊறும் எண்ணெய்ப்பசையைத் தின்றுதான் பெருகுகிறது. நாமும் மேலே ஒரு கை எண்ணெய் ஊற்றினால் அதற்குத் தீனி கூடுகிறது.

பிறகு ஏன் எண்ணெய் வைத்த அன்றைக்குப் பொடுகு குறைந்த மாதிரி இருக்கிறது? செதில்கள் எண்ணெயில் ஊறித் தலையோடு ஒட்டிக்கொள்கின்றன, தோளில் உதிர்வதில்லை. அவ்வளவுதான். இரண்டு நாளில் அரிப்போடு திரும்பி வரும். கீட்டோகொனசோல் மாதிரி பூஞ்சைக்கு எதிரான மருந்து கலந்த ஷாம்புவைத் தலைத்தோலில் படும்படி தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். பொடுகு அடங்கும்வரை எண்ணெயை நுனி முடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாற்றை எண்ணெயில் கலந்து தேய்ப்பதும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகும், கருந்திட்டு விழும். அந்தத் திட்டு மறைய மாதக்கணக்காகும்.

முகமும் உடம்பும்

முகத்தில் பரு வரும் வாகு இருந்தால் தேங்காய் எண்ணெயை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். தோல்துளையை அடைக்கும் தன்மைக்கு 0 முதல் 5 வரை எண் போடும் ஒரு பட்டியல் புழக்கத்தில் இருக்கிறது. அதில் இதற்கு 4. பழைய பட்டியல்தான், எல்லார் தோலுக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். லாரிக் அமிலம் பருக்கிருமியைக் கொல்லும் என்று ஒரு செய்தி சுற்றிவருகிறது. ஆய்வகத்தில் அது உண்மை. ஆனால் அங்கே சோதித்தது தனியாகப் பிரித்த லாரிக் அமிலத்தை. நம் புட்டியில் உள்ள எண்ணெயில் அது பெரும்பாலும் கிளிசராலோடு பிணைந்து, கொழுப்பாக இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

கை, கால், முழங்கை, குதிகாலுக்கு இது அருமையான எண்ணெய். இங்கே செய்யும் தவறு நேரம். காய்ந்து வெளுத்துப்போன காலில், சாயங்காலம் ஞாபகம் வந்தபோது தேய்த்தால் மினுமினுப்பு மட்டும்தான் மிஞ்சும். எண்ணெயில் தண்ணீர் கிடையாது, அது ஈரத்தைத் தராது. இருக்கும் ஈரத்தை மூடிவைக்கும். குளித்துவிட்டுத் துண்டால் ஒற்றியெடுத்து, தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே சில சொட்டு தேய்த்தால்தான் அதற்கு வேலை கிடைக்கிறது. 2014-ல் பிலிப்பைன்ஸில் கரப்பான் போன்ற ஒவ்வாமைத் தோல்நோய் உள்ள 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வில், மினரல் ஆயிலைவிட வெர்ஜின் தேங்காய் எண்ணெய் நல்ல பலன் தந்தது. வெர்ஜின் என்றால் கொப்பரையிலிருந்து ஆட்டாமல் பச்சைத் தேங்காயிலிருந்து எடுப்பது. வெடித்து நீர் வடியும் கரப்பானுக்கு மட்டும் மருத்துவர் சொல்லாமல் எதையும் பூச வேண்டாம்.

வெயிலுக்கு இதை நம்பக் கூடாது. சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப். என்ற வெயில் காப்பு எண் 30-ஆவது இருக்க வேண்டும் என்பார்கள் தோல் மருத்துவர்கள். தேங்காய் எண்ணெய் அதன் பக்கத்தில்கூட வராது. சுட்டுக்கொண்ட இடத்தில் உடனே எண்ணெய் தடவுவதும் தவறு. சூடு வெளியேறாமல் உள்ளேயே நின்றுவிடும். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

குழந்தை விஷயத்தில்

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது நல்ல பழக்கம். கை இதமாக இருக்கட்டும், அறை கதகதப்பாக இருக்கட்டும். ஆனால் இரண்டு பழக்கங்களை நாம் விட்டே ஆக வேண்டும்.

ஒன்று, குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கலாம். தண்ணீர் போனால் குழந்தை இருமும். எண்ணெய் வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போகும். நுரையீரலால் அதைச் செரிக்க முடியாது, ஒருவகை நிமோனியா வரும். இரண்டாவது, சளிக்குத் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கற்பூரம் கரைத்து மார்பிலும் முதுகிலும் தேய்ப்பது. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். பச்சைக் குழந்தைக்கு அது வலிப்பு வரவைக்கும் பொருள். இரண்டு வயதுக்குள் கற்பூரம் கலந்த எதுவும் கூடாது என்பது மருத்துவ எச்சரிக்கை. பாட்டிமார் அன்பால்தான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். என் அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாங்குவதும் வைப்பதும்

புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். தென்னைமரப் படம் போட்ட எல்லாமே தேங்காய் எண்ணெய் இல்லை. 'ஹேர் ஆயில்' என்று இருந்து, உட்பொருளில் லைட் லிக்விட் பாரஃபின் என்று எழுதியிருந்தால் அதில் மினரல் ஆயில் இருக்கிறது. 'சமையல் எண்ணெய்' என்று உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணோடு வருவது வேறு. இந்த வேறுபாடு வரிவழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போனது. சிறிய புட்டியில் அடைத்தாலும், தலைமுடி எண்ணெய் என்று சொல்லி விற்காதவரை சுத்தத் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெய்தான் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நான் தலைக்கும் சமையல் எண்ணெய்தான் வாங்குகிறேன்.

காங்கயம் பக்கம் போனால் உலர்களங்களில் கொப்பரை வெள்ளை வெளேரென்று காய்வதைப் பார்க்கலாம். பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கொப்பரைக்குக் கந்தகப் புகை போடுபவர்களும் உண்டு. ஆகவே செக்கில் ஆட்டி வாங்குபவர்கள், கொப்பரைக்குக் கந்தகம் போட்டதா என்று கேட்டே வாங்குங்கள். செக்கு மரமா இரும்பா என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

மார்கழியில் எண்ணெய் உறைந்தால் கலப்படம் என்று பயப்பட வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைவது அதன் இயல்பு. உறையாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தபின் மேலே திரவமாக ஒரு அடுக்கு தனியே நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம். ஆனால் பனைவகைக் கொட்டை எண்ணெய் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது, அதுவும் இதுபோலவே உறையும். உருக்க வேண்டுமானால் புட்டியை வெந்நீரில் நிறுத்துங்கள், அடுப்பு வேண்டாம்.

வீட்டில் செம்பருத்தி, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சுகிறவர்கள் பெரும்பாலும் அவசரத்தில் இறக்கிவிடுகிறார்கள். இலையில் ஈரம் இருக்கும்வரை எண்ணெய் சடசடக்கும். அந்தச் சத்தம் முழுக்க அடங்கி, இலை கையில் நொறுங்கினால்தான் பதம். ஈரம் தங்கினால் கொஞ்ச நாளில் காறல் வாடை, சில சமயம் சோப்பு வாடை வரும். எண்ணெய் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குளியலறை ஜன்னலில் வெயில் படும்படி வைப்பதும், ஈரக்கையை விட்டு எடுப்பதும், தீரப்போகும் பழைய எண்ணெய் மேலேயே புதிதை ஊற்றுவதும் இதே கேட்டைச் சீக்கிரம் கொண்டுவரும். பெரிய புட்டி சமையலறை அலமாரியில் இருக்கட்டும். குளியலறைக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி போதும். அது தீர்ந்ததும் கழுவி, வெயிலில் காயவைத்து, அப்புறம் நிரப்புங்கள்.