பழைய வெள்ளி ரூபாயின் தரத்தை மதிப்பிடும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் பழைய பெட்டிகளிலிருந்து வெளிவரும் பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய்களில் ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்தவற்றை அடிக்கடி காணலாம். விரல்ரேகை கறையாகப் படியும் என்பதால், நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து, பகல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

தேய்மானம் மேடான இடங்களில்தான் முதலில் தொடங்கும். ஆகவே புருவம், காது, மகுடத்தின் பட்டை, அங்கியின் மீதுள்ள சிறு யானை ஆகியவற்றை உருப்பெருக்கியால் ஆராய வேண்டும். யானையின் கால்கள் தனித்தனியே தெரிந்து, மேடுகளில் மட்டும் பளபளப்பு மங்கியிருந்தால் அதை எக்ஸ்ட்ரா ஃபைன், அதாவது மிகச் சிறிதே தேய்ந்த உயர்தரம், எனலாம். யானை வெறும் புடைப்பாக மாறி, மகுடத்தின் வேலைப்பாடும் மழுங்கியிருந்தால் ஃபைன், அதாவது நன்கு தேய்ந்த நடுத்தரம், என்பதற்கு மேல் சொல்ல இயலாது. 1911ஆம் ஆண்டு நாணயத்தில் யானை பன்றியைப் போல் இருப்பதாக எதிர்ப்பு எழுந்து, 1912இல் தும்பிக்கை நீட்டித் திருத்தப்பட்டது என்பதால், 1911இன் குட்டைத் தும்பிக்கையைத் தேய்மானமாகக் கொள்ளக் கூடாது.

அடுத்து எடை. புதிய ரூபாய் 11.66 கிராம் இருக்கும். கணிசமாகக் குறைந்தால் ஐயப்படுங்கள்.

காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த தடம் விளிம்பில் இருந்தால், முகம் எவ்வளவு தெளிவாயினும் அது பழுதுற்ற நாணயமே. நம் பக்கம் புளிக்குப் பஞ்சமில்லைதான். அதற்காக நாணயத்தைப் புளியிட்டுத் தேய்த்தால், நுண்கீறல்கள் விழுந்து அச்சடித்த காலத்து மெருகு மீளாமல் போய்விடும்.