பெயருக்குப் பொருள் தேடுவது எப்படி?

பெயர்ப் பட்டியல் தளங்களில் போடுகிற பொருளை அப்படியே நம்பாதீர்கள். முதலில் விகுதியைக் கழற்றுங்கள்: முகிலன் என்றால் முகில், அதாவது மேகம், அதோடு அன். அப்புறம் மிச்சமிருக்கும் சொல்லை நல்ல அகராதியில் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ல, ள, ழ மாறினால் சொல்லே வேறு, அதில் கவனம்.

ஆனால் அகராதியோடு நின்றால் பாதிதான் தெரியும். வள்ளி என்றால் கொடி, சரி. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை என்ற முருகன் கதை தெரிந்தால்தான் பெயர் புரியும். பிச்சை என்ற பெயரைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபமே வரும், ஏனென்றால் முன்பு பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், இதுவாவது பிழைக்கட்டும், இது கடவுள் போட்ட பிச்சை என்று வேண்டி வைத்த பெயர் அது. குப்புசாமி, குப்பம்மாள் பெயர்களும் அப்படித்தான், குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்து வைத்தவை. போதும்பொண்ணு என்பதில் பெண் குழந்தை இனி வேண்டாம் என்ற வலிக்கிற ஆசை இருக்கிறது.

அதனால் கடைசியாக வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், 'இந்தப் பெயரை ஏன் வைத்தீர்கள்?' என்று.