ஃபலாஃபல் எண்ணெயில் கரைவதும் தஹினி இறுகுவதும்: எங்கே தவறுகிறது?

ஃபலாஃபல் என்பது ஊறிய கொண்டைக்கடலையை அரைத்து உருட்டிப் பொரிக்கும் அரபு நாட்டு வடை. எண்ணெயில் போட்ட உருண்டை நுரைத்துக்கொண்டு பொலபொலவென்று கரைந்து போனால் கை உடனே மைதாவையோ பிரெட் தூளையோதான் தேடும். ஆனால் உருண்டை உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் மாவு குறைந்தது அல்ல, தண்ணீர் கூடியது. அதற்குத் தொட்டுக்கொள்ளும், எள் விழுதான தஹினியில் செய்யும் சாஸில் இது தலைகீழ். அங்கே தண்ணீர் ஊற்றுவதைப் பாதியில் நிறுத்துவதுதான் தவறு.

கீழே வரும் அளவுகள் 250 கிராம் உலர்ந்த வெள்ளைக் கொண்டைக்கடலைக்கு. சுமார் 20 உருண்டைகள் வரும்.

கடலையை வேகவைப்பது

இந்த ஒரு தவறைச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. ஊறிய பச்சைக் கடலையில் மாவுச்சத்து வேகாமல் இருக்கிறது. சூடான எண்ணெயில் விழுந்த பிறகுதான் அது சுற்றியுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு வெந்து, பசையாகித் துகள்களைப் பிணைக்கிறது. வேகவைத்த கடலையிலும் டின் கடலையிலும் அந்த வேலை முன்பே முடிந்துவிட்டது. போதாததற்குத் தண்ணீரையும் நிறையக் குடித்திருக்கும். மாவைக் கொட்டி உருட்டிவிடலாம்தான், ஆனால் உள்ளே களி போல இருக்கும். நேரம் மிச்சம் என்று கொதிநீரில் ஊறவைப்பதும் அரைகுறையாக அதே தவறுதான்.

ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் 18 மணி நேரம் ஊறட்டும். அறை வெப்பமாக இருந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள், இல்லாவிட்டால் புளித்துவிடும். ஊறியதா என்று பார்க்க ஒரு கடலையை இரண்டாகப் பிளக்கலாம். நடுவில் வெளுத்து, காய்ந்த மாவு போல ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் நேரம் வேண்டும். நன்றாக ஊறிய கடலை ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை காட்டும்.

எகிப்தில் ஃபலாஃபலையே தஆமியா என்ற பெயரில், தோல் நீக்கி உடைத்த ஃபாவா பீன்ஸில் (ஒரு வகைப் பெரிய அவரை) செய்கிறார்கள். ஊறவைத்துப் பச்சையாக அரைக்கும் விதி அதற்கும் உண்டு. ஜி6பிடி குறைபாடு (ஃபாவா சாப்பிட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையக்கூடிய பரம்பரை நொதிக் குறைபாடு) உள்ளவர்கள் ஃபாவா பீன்ஸைத் தொடவே கூடாது, அவர்களுக்குக் கொண்டைக்கடலைதான்.

ஈரம் நுழையும் வழிகள்

ஊறிய கடலையை அரை மணி நேரம் வடியவிட்டு, துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். பார்ஸ்லியும் கொத்தமல்லியும் சேர்த்து 50 கிராம் போதும். கழுவியவுடன் நறுக்காமல் உலரவிட்டு நறுக்குங்கள். பலர் கோட்டைவிடுவது வெங்காயத்தில். அளவில் சிறிய ஒரு பல்லாரி வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, பத்து நிமிடம் கழித்துப் பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். பிழியாவிட்டால் அத்தனையும் மாவுக்குள் போயிருக்கும்.

மிக்ஸி ஜாரில் முழுவதையும் கொட்டி ஒரே மூச்சில் ஓட்டினால் அடியில் இருப்பது விழுதாகும், மேலே இருப்பது முழுக் கடலையாகவே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விடலாமா என்று கை பரபரக்கும். விடாதீர்கள். இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து, ஒரு நொடி ஓட்டி நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். பதம் ரவை போல இருக்கட்டும், நடுநடுவே சற்றுப் பெரிய துகள் இருந்தாலும் தப்பில்லை. கையில் அள்ளி அழுத்தினால் பிடித்து நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். நிற்காவிட்டால் கலவையில் கால் பங்கை மட்டும் நைசாக அரைத்துத் திரும்பக் கலந்துவிடுங்கள். வெளி மாவு சேர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். முழுவதையும் நைசாக அரைத்தால் உடையாது, ஆனால் ரப்பர் போல வரும்.

பூண்டு 3 பல், சீரகத்தூள் 2 டீஸ்பூன், தனியாத்தூள் 2 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், உப்பு ஒன்றேகால் டீஸ்பூன் (வெங்காயத்தில் தூவியதையும் சேர்த்து). கலந்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் துகள்கள் மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், பொரிப்பதற்குச் சற்று முன்புதான். முன்கூட்டியே போட்டால் காற்றெல்லாம் வீணாகப் போய்விடும். சமையல் சோடாவை அள்ளிப் போட்டால் சோப்பு வாடை அடிக்கும்.

எண்ணெய்

30 கிராம் அளவில் எடுத்து, இறுக்காமல் உருட்டி லேசாகத் தட்டுங்கள். அழுத்தி உருட்டினால் நடுப்பகுதி கட்டியாகிச் சரியாக வேகாது. 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். 160-இல் மேல்தோல் உருவாவதற்குள் உருண்டை எண்ணெய் குடித்து நெகிழ்ந்துவிடும். 190-ஐத் தாண்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். பச்சைக் கடலை வயிற்றைக் கலக்கும் என்பதால் இது சுவைப் பிரச்சினை மட்டும் அல்ல. வெப்பமானி இல்லையென்றால் ஒரு சிட்டிகை கலவையைப் போடுங்கள். அமிழ்ந்து, ஓரிரு நொடியில் குமிழ்களுடன் மேலே வந்தால் சூடு சரி.

முதலில் ஒன்றே ஒன்றைப் பொரித்துப் பாருங்கள். உடைந்தால் கொண்டைக்கடலை மாவு ஒரு டேபிள்ஸ்பூன் சேர்த்து இன்னொன்று போடுங்கள். இரண்டு டேபிள்ஸ்பூனைத் தாண்ட வேண்டாம். பிறகு ஒரு தடவைக்கு ஐந்தாறு மட்டும், சுமார் நான்கு நிமிடம். முதல் ஒன்றரை நிமிடம் கரண்டி படக்கூடாது. எடுத்ததைத் தாளில் குவித்து வைத்தால் சொந்த ஆவியிலேயே நமத்துப் போகும், கம்பி வலையில் பரப்புங்கள்.

ஓவனில் சுடுபவர்கள் எண்ணெய் தடவ மறக்கிறார்கள். தடவி, 200 டிகிரியில் 25 நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்ப வேண்டும். பொரித்த மொறுமொறுப்பு வராது.

தஹினி சாஸ்

அரை கப் தஹினியில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றிக் கலக்கியதும் அது சிமெண்ட் போல இறுகும். கெட்டுவிட்டது என்று கொட்டுபவர்களும் உண்டு, எண்ணெய் ஊற்றி இளக்கப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். தஹினியில் பாதிக்கு மேல் கொழுப்பு. கொஞ்சம் தண்ணீர் பட்டதும் எள்ளின் புரதமும் மாவுப்பொருளும் அதை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மேலும் ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு அடித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கட்டி தளர்ந்து, நிறம் வெளுத்து, வழவழவென்று ஆகும். அதுவரை நிறுத்தக் கூடாது. மொத்தம் 90 முதல் 120 மில்லி பிடிக்கும்.

ஒரு பல் பூண்டைத் துருவி, மூன்று டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றிலும் அரை டீஸ்பூன் உப்பிலும் பத்து நிமிடம் ஊறவிட்டு, அதன் பிறகு தஹினியோடு சேருங்கள். பூண்டின் காரத்தை உண்டாக்கும் நொதியைப் புளிப்பு அடக்கிவிடும். நேரடியாகப் போட்ட பூண்டு, நேரம் ஆக ஆகக் கடுக்கும்.

கசப்புக்கு வேறு காரணங்கள்: தோலுள்ள எள், அதிகமாக வறுத்த எள், பழைய பாட்டில். வீட்டில் அரைப்பதானால் தோல் நீக்கிய வெள்ளை எள்ளைச் சிறு தீயில் நான்கைந்து நிமிடம், வாசம் வரும்வரை மட்டும் வறுக்க வேண்டும். நிறம் பழுப்பாக மாறினால் தாமதித்துவிட்டீர்கள். ஆறியபின் ஒரு கப்புக்கு இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் வாசமில்லாத எண்ணெய் விட்டு அரையுங்கள். அரைக்கும்போது தண்ணீர் கூடாது. கடையில் வாங்கிய பாட்டிலில் எண்ணெய் மிதந்தால் அதை வடித்துவிடாமல், அடிவரை கிளறிக் கலந்த பிறகே அளந்து எடுங்கள்.

சாஸ் வைக்க வைக்க இறுகும். அதனால் செய்யும்போதே கரண்டியிலிருந்து நாடா போல ஒழுகும் பதத்தில், வேண்டியதைவிடச் சற்றுத் தளர்வாக விடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தது மறுநாள் கெட்டியாக இருந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு அடித்தால் போதும், பழைய பதத்துக்கு வந்துவிடும்.