ஸ்கூட்டியில் சுற்றுவட்டத்தைக் கடப்பது எப்படி? திருகோணமலைக்காரருக்கு ஒரு செய்முறை

என் தங்கைக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டது. உப்புவெளியிலிருந்து டவுனுக்கு ஸ்கூட்டியில் நன்றாகத்தான் வருகிறாள். சுற்றுவட்டம் வந்தால் மட்டும் ஓரமாக நிறுத்தி, இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டே மறுபக்கம் போய் ஏறுகிறாள். கேட்டால், "அண்ணா, அதுக்குள்ள போனா வெளிய வர ஏலாது" என்கிறாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அங்கே நின்று பார்த்தால் அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்கூட்டி ஓட்டத் தெரியும், தலையில் ஹெல்மெட் இருக்கிறது, இடது பக்கம் ஓடவேண்டும் என்பது தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கார் ஓட்டுபவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

விதி ஒன்றுதான்

வட்டத்துக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவருக்கு, அதாவது உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு, வழி விடவேண்டும். எல்லாரும் கடிகார முள் போகும் திசையில் சுற்றவேண்டும். அவ்வளவுதான்.

இது ஏன் இப்படி என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். நுழைபவருக்கு முன்னுரிமை கொடுத்தால் நான்கு வாயாலும், அதாவது வீதிகள் வட்டத்தோடு சேரும் இடங்களாலும், ஆட்கள் நுழைந்துகொண்டே இருப்பார்கள். உள்ளே இருப்பவர் தான் வெளியேற வேண்டிய வாய் வரை போக முடியாது. அவர் போகாததால் அவருக்குப் பின்னால் இருப்பவரும் நிற்பார். தன் வாலைத் தானே கவ்விய பாம்பு போல வட்டம் பூட்டிக்கொள்ளும். இங்கிலாந்திலேயே இந்தத் தொல்லை இருந்து, 1966 நவம்பரில்தான் 'வலப்பக்கத்துக்கு வழி விடு' என்பதை நாடு முழுவதற்குமான விதியாக்கினார்கள். அவர்களுடைய கடற்படை எங்கள் துறைமுகத்தை 1957இல் ஒப்படைத்துவிட்டுப் போய் ஒன்பது வருடம் கழித்து. நம்முடைய சில சாரதிகளைப் பார்த்தால், அந்தச் செய்தி இன்னும் கப்பலில்தான் வந்துகொண்டிருக்கிறது போல.

படி 1: வட்டம் தெரிந்ததுமே முடிவெடுங்கள்

எந்த வாயால் வெளியேறப் போகிறீர்கள் என்பதை உள்ளே போய் யோசிக்கக் கூடாது. முதலாவது வாயால் இடப்பக்கம் திரும்புவதென்றால் இப்போதே இடது சிக்னல். நேரே போவதென்றால் இப்போதைக்குச் சிக்னல் வேண்டாம். வலப்பக்கம் போவதென்றாலோ வந்த வழியே திரும்புவதென்றாலோ வலது சிக்னல். வேகத்தைக் குறையுங்கள். நகரத்துக்குள் 50 வரை போகலாம் என்பது நேர் வீதிக்கு. வட்டத்துக்குள் ஸ்கூட்டிக்கு 15, 20 போதும்.

படி 2: ஓரத்தை விட்டு நகருங்கள்

புதிதாக ஓட்டும் எல்லாரும் இடது ஓரத்தோடு ஒட்டிக்கொள்வார்கள். நேர் வீதியில் அது சரி. வட்டத்தில் அதுதான் ஆபத்து. நீங்கள் ஓரத்தால் நேரே போகப் பார்க்கிறீர்கள். உங்கள் வலப்பக்கத்தில் வரும் வேன் முதலாவது வாயால் வெளியேறப் பார்க்கிறது. அது உங்கள் முன்சக்கரத்துக்குக் குறுக்கால்தான் போகும், வேறு வழியில்லை. ஆகவே இடது வாயால் வெளியேறுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உங்கள் பாதையின் நடுவில் ஓடுங்கள். பின்னால் வருபவர் உங்களை ஒரு வாகனமாக நினைத்துப் பின்னாலேயே வரட்டும்.

படி 3: வாயில் நின்று நுழைவது

இங்கேதான் நானும் நீண்ட நாள் தடுமாறினேன். ஆறுதலாக வாசியுங்கள்.

உங்களுக்கு முன்னால் ஓர் ஓட்டோ நிற்கிறது. உங்கள் தலை வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. வலப்பக்கம் வெறுமையாகிறது. ஓட்டோ நகர்வது கடைக்கண்ணில் தெரிகிறது. நீங்களும் அக்சிலேட்டரைத் திருகுகிறீர்கள். ஆனால் ஓட்டோக்காரர் இரண்டடி நகர்ந்துவிட்டு மனம் மாறி நின்றுவிட்டார். அல்லது ஓரத்தில் யாரோ கை காட்டினார்கள், ஹயர் கிடைத்துவிட்டது. உங்கள் தலை இன்னும் வலப்பக்கமே இருக்கிறது. டொங்!

பயந்த சாரதிகளுக்குத்தான் இது அதிகம் நடக்கும். காரணம், அவர்கள் வலப்பக்கத்தையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கவனம் நல்லதுதான், வரிசை மட்டும் பிழை. வரிசை இப்படி இருக்கவேண்டும்:

முதலில் முன்னால் பாருங்கள். முன்னால் நின்றவர் வட்டத்துக்குள் முழுதாகப் போய்விட்டாரா? போகாவிட்டால் வலப்பக்கம் வெறுமையாக இருந்து பிரயோசனமில்லை. அந்த இடைவெளி அவருடையது, உங்களுடையது இல்லை. அவர் போனபின் நீங்கள் கோட்டுக்கு வாருங்கள். இப்போது வலம் பாருங்கள். இடைவெளி இருக்கிறதா? இருந்தால் மறுபடி முன்னால் ஒரு பார்வை. அதற்குப் பிறகுதான் அக்சிலேட்டர்.

இடைவெளி போதுமா என்பதை எப்படி அறிவது? உங்களுக்கு வலப்பக்கம் இருக்கும் அடுத்த வாயை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி உங்களை நோக்கி ஒரு வாகனம் வந்துவிட்டால் நில்லுங்கள். அதற்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, மெதுவாக வருகிறது என்றால் போங்கள். பழகப் பழக எல்லை தானாகக் குறையும்.

இடது சிக்னல் போட்டபடி ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது, உங்களிடம் வந்து சேர முன்னமே வெளியேறப் போகிறது போலத் தெரிகிறது. நம்பாதீர்கள். ஸ்கூட்டிகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பெரும்பாலும் சிக்னல் தானாக அணைவதில்லை. அது மூன்று சந்திக்கு முன்னால் போட்ட சிக்னலாக இருக்கலாம். முன்சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் வெளியே திரும்பிய பிறகுதான் அவர் வெளியேறுகிறார்.

இனி, பின்னால் அடிக்கும் ஹோன். தங்கைக்கு உண்மையில் பயம் வட்டமில்லை, இந்த ஹோன்தான். உங்கள் வலப்பக்கத்தில் என்ன வருகிறது என்று பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவது உங்கள் முதுகும் தன்னுடைய அவசரமும்தான். ஆகவே அந்த ஹோனுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. அவர் பத்துத் தரம் அடித்தாலும் இடைவெளி வந்த பிறகுதான் நீங்கள் நகரவேண்டும். திரும்பிப் பார்க்கவும் வேண்டாம்.

நிற்கும்போது இடது கையால் பின் பிரேக்கைப் பிடித்திருங்கள். வளைந்து ஓடும்போது முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, வண்டி படுத்துவிடும்.

படி 4: உள்ளே

அக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்து, போகவேண்டிய வாயைப் பார்த்தபடி ஓடுங்கள். கண் போகும் இடத்துக்குத்தான் வண்டியும் போகும்.

படி 5: வெளியே

உங்கள் வாய்க்கு முந்தைய வாயைத் தாண்டியதும் இடது சிக்னல். இடது கண்ணாடியில் ஒரு பார்வை. வெளியேறுங்கள். சிக்னலை அணையுங்கள். இடப்பக்கம் யாராவது ஒட்டிக்கொண்டு வந்தால் மல்லுக்கட்ட வேண்டாம், இன்னொரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இதைச் சொன்னபோது தங்கை சிரித்தாள். ஆனால் சுற்றுவட்டத்தின் பெரிய வசதியே அதுதான்: வாயைத் தவறவிட்டால் அது மறுபடி வரும்.

ஆட்களை அறிந்துகொள்ளுங்கள்

விதியைப் புத்தகத்தில் படிக்கலாம். எங்கள் வீதியைப் படிக்க ஆட்களைப் பார்க்கவேண்டும்.

லைட் அடிப்பவர்: வெளிநாட்டு வீடியோ பார்த்துப் பழகியவர்கள் கவனம். சில நாடுகளில் எதிரே வருபவர் ஹெட்லைட்டை மின்னினால் 'நீங்கள் போங்கள்' என்று பொருள் கொள்வார்கள். இங்கே அதற்குப் பொருள் 'நான் வருகிறேன், நீ நில்'.

பஸ்: பஸ்ஸின் சிக்னல் லைட்டைவிட முன் வாசலில் தொங்கும் கொண்டக்டரின் கைதான் உண்மையான சிக்னல். கை நீண்டால் பஸ் இடப்பக்கம் வரப்போகிறது. முந்திப்போகும் போட்டியில் இரண்டு பஸ்கள் சேர்ந்து வந்தால் இரண்டையும் போகவிடுங்கள். பின்னால் வருவது நிச்சயம் நிற்காது.

ஓட்டோ: முன்னால் ஒரே சக்கரம், நின்ற இடத்திலேயே திரும்பும். சாரதியின் தோளைப் பாருங்கள், தோள் சாய்ந்தால் வண்டியும் சாயும்.

நீண்ட லொறி: சீனக்குடாப் பக்கம் சீமெந்தும் கோதுமை மாவும் ஏற்றி ஓடும் பெரிய லொறிகளைச் சொல்கிறேன். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். லொறி வட்டத்திலிருந்து இடப்பக்கம் வெளியேறும்போது அதன் இடது விலாவில் நீங்கள் இருந்தால் இடம் சுருங்கிக்கொண்டே போகும். சாரதிக்கு உங்களைத் தெரியவும் தெரியாது. லொறிக்குப் பின்னால் நில்லுங்கள், பக்கத்தில் வேண்டாம்.

குறுக்குவழிக்காரர்: வலப்பக்கம் போக முழு வட்டமும் சுற்ற அலுப்பு. அதனால் எதிர்த்திசையில் ஒரு வெட்டு வெட்டிப் போவார். இவருக்காகத்தான் நுழையும் முன் இடப்பக்கமும் ஒரு கண் போடச் சொல்கிறேன். சட்டப்படி தேவையில்லை. எலும்புக்குத் தேவை.

சாமான்கள்

கம்பனி தந்த பெரிய கண்ணாடிகளைக் கழற்றாதீர்கள். 'ஸ்டைலாக' இருக்கிறதென்று சின்னக் கண்ணாடி மாட்டுவது இங்கே ஒரு நோய். அதில் சொந்தத் தோள் மட்டும்தான் தெரியும். ஹெல்மெட் கண்ணாடி வெள்ளையாக இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி மத்தியான வெயிலுக்கு நல்லது, பின்னேரம் ஆறரைக்கு ஒன்றும் தெரியாது. சிக்னல் போட்டால் 'கீங் கீங்' என்று கத்தும் சின்ன பஸர் ஒன்றைப் பூட்டிக்கொள்ளுங்கள். அயலவர் திட்டுவார்கள், ஆனால் அணைக்க மறக்கமாட்டீர்கள். பெரிய ஹோன் வாங்கவே வேண்டாம். ஒரு சின்ன 'பீப்', 'நான் இங்கே நிற்கிறேன்' என்று சொல்ல, அது போதும்.

பழக ஞாயிற்றுக்கிழமை விடியப் போங்கள். அதற்கும் முன்னால், ஒரு வெறும் மைதானத்தில் நடுவில் நாலு செங்கல் வைத்துச் சுற்றிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை 1

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் ஒருவர் எழுதியிருந்தார்: "இருபது வருடம் கார் ஓட்டிய எனக்கே உங்கள் சுற்றுவட்டத்தில் தலை சுற்றுகிறது." இது எனக்குத் தோன்றவே இல்லை. கனடாவிலும் பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வேயிலும் வலப்பக்க ஓட்டம். வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றுவார்கள், வழி விடுவது இடப்பக்கத்துக்கு. அங்கே பழகிய தலை இங்கே வந்தும் முதலில் இடப்பக்கமே திரும்பும். லண்டன்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் முதல் இரண்டு நாள் வேறொருவர் ஓட்டப் பின்னால் இருந்து பாருங்கள். சீசனில் நிலாவெளிப் பக்கம் வாடகை ஸ்கூட்டியில் போகும் வெள்ளைக்காரருக்கும் இதே சிக்கல்தான். அவர் உங்களைப் பார்க்காமல் நுழைந்தால் திமிர் என்று நினைக்காதீர்கள், அவர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். தூரத்தை அதிகமாக வையுங்கள்.

பிற்சேர்க்கை 2

சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஓர் ஆசிரியை கேட்டார். சரியான கேள்வி. அவர்கள் ஓரத்தால்தான் வருவார்கள், சிக்னல் இல்லை, மூன்று பேர் கதைத்துக்கொண்டு வருவார்கள். படி 5இல் இடது கண்ணாடி பார்க்கச் சொன்னது முக்கியமாக இவர்களுக்காக. வெளியேறும் வாய்க்குப் பக்கத்தில் சைக்கிளை முந்தாதீர்கள், பின்னாலேயே போங்கள்.

பிற்சேர்க்கை 3

மான்! மூன்று பேர் எழுதிவிட்டார்கள். கோட்டைப் பக்கமிருந்து வந்து கடைத்தெருவிலும் பஸ் நிலையத்தடியிலும் திரியும் புள்ளிமான்களுக்கு எந்த விதியும் கிடையாது. ஹோன் அடித்தால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது, ஆகவே அடிக்க வேண்டாம். ஒன்று குறுக்கே போனால் பின்னால் இன்னும் இரண்டு மூன்று வரும் என்று வைத்துக்கொண்டு நில்லுங்கள். வேகத்தைக் குறைக்கும்போது பிரேக் லைட் இரண்டு மூன்று தரம் மின்னும்படி விட்டுவிட்டுப் பிடியுங்கள், பின்னால் வருபவருக்கு மான் தெரியாது. மாடும் இதே மாதிரித்தான், ஆனால் அது பாயாது, படுத்துவிடும். அதைச் சுற்றி இன்னொரு வட்டம் போடவேண்டியதுதான்.

பிற்சேர்க்கை 4

மாரி தொடங்கிவிட்டதால் இது. வீதியில் பூசிய வெள்ளைக் கோடுகள் மழையில் வழுக்கும், முக்கியமாக வட்டத்துக்குள் சாய்ந்து திரும்பும்போது. கோட்டின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள். கடற்கரைப் பக்க வீதிகளில் மழை வடிந்த பிறகு மணல் தங்கியிருக்கும், அதிலும் இதே கவனம். யாராவது விழுந்து அடிபட்டிருந்தால் 1990 அழைத்தால் அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. பொலிஸுக்கு 119. இரண்டையும் இப்போதே தொலைபேசியில் பதிந்துவையுங்கள்.