ஆட்டு மயிரில் நூல் நூற்பவர்கள் செய்யும் தவறுகள்

தக்ளியில், அதாவது கையால் சுழற்றி நூற்கும் கதிரில், நூல் அறுந்து அறுந்து விழுந்தால் பலரும் தங்கள் கையைத்தான் நொந்துகொள்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் மயிர் கத்தரித்த அன்றோ கழுவிய அன்றோ நடந்து முடிந்திருக்கும்.

அதற்கும் முன்னால், ஆடு சரியானதா என்று பாருங்கள். மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை போன்ற செம்மறிகள் கறிக்கு வளர்ப்பவை. அந்தக் குட்டை முடியில் முறுக்கு நிற்காது. மெரினோ என்ற வெளிநாட்டுச் செம்மறியின் கலப்பில் வந்த நீலகிரிச் செம்மறியின் கம்பளி மெல்லியது, உடுப்புக்கு ஆகும். திருச்சி கருப்பின் மயிர் முரடு. போர்வை, விரிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெள்ளாட்டில் பஷ்மினா என்பது லடாக் குளிருக்கு முளைக்கும் அடிமயிர். தூத்துக்குடி வெயிலில் மேயும் கொடி ஆட்டைச் சீவிப் பார்த்துப் பயனில்லை.

கத்தரிக்கும்போது விட்ட இடத்தில் மறுபடி கத்தரி போடுவது பெரிய தவறு. அப்படி விழும் அரை அங்குலத் துணுக்குகள் மற்ற மயிரோடு கலந்து, நூல் முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகளாகத் துருத்தும். கொஞ்சம் நீளமாக ஆட்டின் மேலேயே நின்றாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள். வயிறு, கால், வால் பக்கத்து மயிரையும் அடையாளப் பெயின்ட் பட்டதையும் தனியே ஒதுக்குங்கள். திடீரென்று செத்த ஆட்டின் மயிரைத் தொடவே கூடாது. அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும்.

ஒரு கொத்தை எடுத்து இரு நுனியையும் பிடித்துக் காதருகே வைத்து வெடுக்கென்று இழுங்கள். 'டங்' என்று கேட்டால் நல்ல மயிர். சடசடவென்று நொறுங்கினால், நோயிலோ தீவனக் குறைவிலோ ஆடு இளைத்திருந்தபோது வளர்ந்த பகுதி அது. அதை நூற்க முயல வேண்டாம்.

கழுவுவதில்தான் அதிகம் கெடுகிறது. கம்பளியில் மெழுகு போன்ற பிசுக்கு உண்டு; பச்சைத் தண்ணீரில் அது கரையாது. வெந்நீரில் போட்டுத் துணிபோலக் கசக்கினாலோ மயிரின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டி எல்லாம் கட்டியாகிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. 10 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சுடவைத்து, பாத்திரம் கழுவும் திரவம் 2 மேசைக்கரண்டி கலந்து, வலைப்பையில் 250 கிராம் கம்பளியை மெல்ல அமுக்குங்கள். 15 நிமிடம் அசைக்காமல் விட்டு, நீர் ஆறுமுன் எடுங்கள். ஆறினால் இறங்கிய பிசுக்கு திரும்ப ஒட்டிக்கொள்ளும். அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். பையின் மேல் குழாயைத் திறந்துவிடாதீர்கள். சலவைச் சோடா வேண்டாம், காரம் இழையை அரிக்கும். பூந்திக்கொட்டை நீர் நல்லது. நிழலில் உலர்த்துங்கள்.

சிக்கெடுக்கும் சீப்பில் நிறைய அப்பினால் நடுவில் இருப்பது வாராமலே போகும். பற்கள் லேசாகத் தெரியும் அளவு போதும்.

நூற்கும்போது முறுக்கு ஏறிய இடத்தை இழுத்து மெலிதாக்கப் பார்க்காதீர்கள். இழுப்பது முறுக்கு ஏறுமுன். ஒரு முழ நூலை மடித்துத் தொங்கவிட்டால் தானாகப் பின்னிக்கொள்ள வேண்டும். பின்னாமல் தொங்கினால் முறுக்கு போதாது. முடிச்சு முடிச்சாகச் சுருண்டால் அதிகம். இரட்டை இழையாக்கும்போது எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். அதே பக்கம் சுற்றினால் நூல் கம்பிபோல் விறைக்கும்.

நூற்ற நூலைச் சுற்றிய சிட்டத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, உதறிக் காயவையுங்கள். கீழே கல் கட்டித் தொங்கவிட்டால் நூல் நேராகத் தெரியும். ஆனால் அதில் பின்னிய ஸ்வெட்டர் முதல் சலவையிலேயே சுருங்கும்.