ஆளில்லா ஆர்க்டிக் தீவில் இறங்குவது எப்படி? ஆம்ஸ்டர்டாம் தீவுக்கு முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

வட துருவத்தை ஒட்டி, மனிதர் யாரும் வசிக்காத ஒரு தீவில் இறங்கி நடக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் ஆம்ஸ்டர்டாம் தீவு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், வடமேற்கு மூலையில், 80 டிகிரி வட அட்சரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஊர் கிடையாது, படகுத்துறை கிடையாது, கைபேசிச் சிக்னலும் கிடையாது. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் திமிங்கலக் கொழுப்பைக் காய்ச்சிய ஸ்மேரன்பர்க் அதன் கரையில்தான் இருக்கிறது. பனியாறுகளைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கரையையும் நன்றாகப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: விசா

ஸ்வால்பார்டுக்குள் நுழைய விசா வேண்டாம் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால் விமானம் ஆஸ்லோ அல்லது ட்ரோம்சோ வழியாகத்தான் ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியனுக்குப் போகிறது. நார்வே, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல வழி தரும் ஷெங்கன் பகுதிக்குள் இருக்கிறது. ஸ்வால்பார்ட் அதற்கு வெளியே. போகும்போது ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள், திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஆகவே இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இரண்டு முறையோ அதற்கு மேலோ நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவைக் கேட்டு வாங்க வேண்டும். ஒருமுறை நுழைவு விசாவை நம்பிக் கிளம்பாதீர்கள்.

படி 2: காலமும் கப்பலும்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். வடமேற்குக் கரையில் கடல் பெரும்பாலும் திறந்திருக்கும். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியன் மறைவதே இல்லை.

சிறிய கப்பலாகப் பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் செல்ல முடியாது. அங்கே இறங்குவதற்கும் 43 இடங்களை மட்டுமே குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். 100 பேருக்கும் குறைவாகச் செல்லும் கப்பல் என்றால் கரையில் அதிக நேரம் கிடைக்கும். ஸ்மேரன்பர்க் திட்டத்தில் இருக்கிறதா, எத்தனை வழிகாட்டிகள் வருகிறார்கள் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். இறங்குவது உறுதி என்று நேர்மையான நிறுவனம் எதுவும் சொல்லாது. மூடுபனி, காற்று, கரையில் நிற்கும் ஒரு கரடி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், திட்டம் மாறிவிடும். மீட்புச் செலவையும் ஏற்கும் காப்பீடு கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழியில் நி-ஆலசுண்ட் என்ற ஆய்வாளர் குடியிருப்பில் நின்றால், 2008இல் திறக்கப்பட்ட இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கேதான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

படி 3: உடை

கோடையிலும் வெப்பநிலை ஐந்தாறு டிகிரிதான்; காற்று அடித்தால் அதைவிடக் குளிரும். உள்ளே கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், மேலே நீர் புகாத சட்டையும் கால்சட்டையும். பருத்தி வேண்டாம். நனைந்தால் எளிதில் உலராது, உடல் சூட்டையும் பறித்துவிடும். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் தேவை. கப்பலிலேயே தருகிறார்களா என்று விசாரியுங்கள். இரவிலும் வெளிச்சம் இருப்பதால் கண்மறைப்புத் துணி உதவும்.

படி 4: விதை கொண்டு போகாதீர்கள்

முதல் இறக்கத்துக்கு முன் பைகளையும் சட்டைப் பைகளையும் பூட்ஸின் அடிப்பகுதியையும் சுத்தம் செய்யச் சொல்வார்கள்; வெளியூர்ச் செடி அங்கே முளைத்துவிடக் கூடாது என்பதற்காக. ஒட்டுப்பட்டைகளின் (வெல்க்ரோ) இடுக்கில்தான் புல் விதை ஒளிந்திருக்கும். பொறுமையாக ஊசியால் குத்தி எடுங்கள்.

படி 5: ரப்பர் படகில்

படகுத்துறை இல்லாததால் கப்பலிலிருந்து கரைக்கு ரப்பர் படகில்தான் போக வேண்டும். உயிர்காப்பு அங்கியை மாட்டிய பிறகே கப்பலின் படிக்கட்டுக்கு வாருங்கள். இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும். கேமரா முதுகுப்பைக்குள் போகட்டும். படகோட்டியின் உள்ளங்கையைப் பிடிக்காமல், முன்கையை மணிக்கட்டுக்கு மேலே பற்றுங்கள். அவரும் உங்கள் முன்கையைப் பற்றுவார். ஈரக்கை வழுக்கினாலும் இந்தப் பிடி விடாது. ஏறியதும் உட்கார்ந்துவிடுங்கள். கரையில் கால்களை வெளியே சுழற்றி, ஆழம் குறைந்த நீரில் இறங்க வேண்டும்.

படி 6: கரையில்

வழிகாட்டிகள் முதலில் இறங்கி, கரடி இருக்கிறதா என்று சுற்றிலும் பார்ப்பார்கள். அவர்களிடம் துப்பாக்கியும், கரடியை விரட்ட ஒளிக்குண்டும் இருக்கும். கூட்டத்தை விட்டுப் பிரியாதீர்கள். பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் விலகி இருக்க வேண்டும் என்பது சட்டம். மார்ச் முதல் ஜூன் வரை அது 500 மீட்டர். கரையில் வால்ரஸ் படுத்திருந்தால் பேச்சைக் குறைத்து, வழிகாட்டி காட்டும் இடத்திலேயே நில்லுங்கள். ஆர்க்டிக் ஆலாப் பறவை தலைக்கு மேல் பாய்ந்து வந்தால் அருகே கூடு இருக்கிறது என்று பொருள்; வந்த வழியே பின்வாங்குங்கள்.

இனி தரையைப் பாருங்கள். சரளைக்கு நடுவே கருத்த, கரடுமுரடான வளையங்கள் தெரியும். கொதிக்கும் செப்புக் கொப்பரைகளிலிருந்து வழிந்த திமிங்கல எண்ணெய் மணலோடும் சரளையோடும் சேர்ந்து இறுகி, இத்தனை நூற்றாண்டுகளாக அடுப்புகளின் வடிவத்தைக் காத்து வைத்திருக்கிறது. 1619இல் டச்சுக்காரர்கள் இங்கே வேலையைத் தொடங்கினார்கள். விரிகுடாவில் திமிங்கலங்கள் அருகிப்போக, 1660 வாக்கில் இடமே கைவிடப்பட்டது. 1633-34 குளிர்காலத்தை இங்கே கழித்த ஏழு பேர் பிழைத்தார்கள். அடுத்த குளிர்காலத்துக்குத் தங்கிய ஏழு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இறந்தவர்களின் கல்லறைகளும் இந்தத் தீவில் இருக்கின்றன.

ஸ்வால்பார்டில் 1946க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதைச் சுற்றி 100 மீட்டருக்கும் அது பொருந்தும். ஆணி, செங்கல் துண்டு, எலும்பு எதையும் எடுக்கவோ புரட்டவோ கூடாது. வளையங்கள் மீது ஏறாதீர்கள். பாசி படர்ந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு சரளையிலேயே நடங்கள்; மிதிபட்ட பாசி மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

கரையில் மீன்பிடி வலையும் பிளாஸ்டிக் மிதவைகளும் ஒதுங்கிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கிக் கப்பலுக்குக் கொண்டு செல்வது பெரிய உதவி. ஆனால் ஒவ்வொன்றையும் முதலில் வழிகாட்டியிடம் காட்டி, குப்பைதானா என்று கேட்ட பிறகே பைக்குள் போடுங்கள்.